ஏற்காடு பஸ்ஸில் ஏற முடியாமல் போனபோது: பதற்றத்தைக் கையாளப் பழக ஒரு வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. ஏற்காடு ஒண்டிக்கடையில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போகலாம் என்று குடும்பத்தோடு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினோம். அடிவாரம் தாண்டினால் மேலே போய்ச் சேரும்வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை நிற்கும். ஒன்பதாவது வளைவில் எதிரே ஒரு வண்டி இறங்கியதால் பஸ் நின்றது. காது அடைத்திருந்தது, வயிறு புரட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் கண் இருட்டியது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. மூச்சு உள்ளே போகவில்லை என்று தோன்றியது. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போதே செத்துவிடப் போகிறேன் என்ற ஒரே நினைப்பு. கத்தி, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். கீழே இறங்கும் பஸ் ஒன்றைப் பிடித்து நேராக ஒரு மருத்துவமனைக்குப் போனோம்.

ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. "ஒன்னுமில்லம்மா, கேஸ்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த "ஒன்னுமில்ல" எனக்குக் கொஞ்சமும் உதவவில்லை. அடுத்த மாதம் ஏற்காடு போக வேண்டி வந்தபோது குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். அதற்கடுத்து ஏற்காடே போகவில்லை. பிறகு எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. ஐந்து ரோடு மேம்பாலத்தில் வண்டியில் உட்கார்ந்து போவதற்கும் பயம் வந்தது. ஆறு மாதத்தில் என் உலகம் செவ்வாய்ப்பேட்டைக்குள் நாலு தெருவாகச் சுருங்கிவிட்டது.

நான் மருத்துவர் இல்லை. வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறவள். ஆனால் மனநல மருத்துவரிடம் போய், அவர் சொன்னபடி செய்து, திரும்ப அந்த மலையில் ஏறினேன். அந்த ஆறு மாதத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்ததையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இப்போதுதான் முதல் தடவை இப்படி ஆகிறது என்றால், உங்களுக்காகத்தான் இது.

முதலில், உடம்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் இதை நேரடியாகப் பதற்றம் என்று யாரும் சொல்வதில்லை. "படபடன்னு வருது", "நெஞ்சை அடைக்குது", "கை கால் ஓடல", "வயித்துல புளியைக் கரைக்குது" என்போம். எல்லாமே உடம்பின் மொழி. அது சரியான மொழியும்கூட.

ஆபத்து என்று மூளைக்குத் தோன்றியவுடன் அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் இறங்குகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பைத் தயார் செய்வது அதன் வேலை. இதயம் வேகமாக அடிப்பது கை கால்களுக்கு இரத்தம் அனுப்ப. வியர்ப்பது உடம்பைக் குளிர்விக்க. செரிமானத்துக்கு இப்போது அவசரமில்லை என்று வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. புளியைக் கரைப்பது அதுதான். வேகவேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகிறது, தலை லேசாகிறது. எனக்கு ஒன்பதாவது வளைவில் நடந்த ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு காரணம் இருந்தது. "கேஸ்" என்று சொல்லி அனுப்புவதற்குப் பதில் இந்த நாலு வரியைச் சொல்லியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்றும் சேர்ந்தது. சேலம் ஊரிலிருந்து ஏற்காடு ஏறும்போது 1,000 மீட்டருக்கு மேல் உயரம் கூடுகிறது. யாருக்கும் காது அடைக்கும். வளைவில் யாருக்கும் வயிறு புரட்டும். சாதாரண மலைப்பயணத்தின் அறிகுறிகளையே என் மூளை "ஏதோ ஆகப்போகிறது" என்று படித்துவிட்டது. அந்தப் பயத்தில் இதயம் வேகமானது. அந்த வேகத்தைக் கண்டு இன்னும் பயம். இப்படி ஒன்றையொன்று ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போவதைத்தான் பேனிக் அட்டாக் என்கிறார்கள். பொதுவாக 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் தானாக இறங்கும்.

பெயர்களில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் தீர்த்துக்கொள்வோம். "மன அழுத்தம்" என்ற சொல்லை வேலைச் சுமைக்கும் சொல்கிறோம், எதிலும் ஆசையில்லாமல் சோர்ந்து கிடப்பதற்கும் சொல்கிறோம். இந்தக் கட்டுரையில் அழுத்தம் என்றால் வெளியிலிருந்து வரும் சுமை: கடன், பரீட்சை, தீபாவளி ஆர்டர், மாமியாரின் நோய். பதற்றம் என்றால், இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றி மூளை அடித்துக்கொண்டே இருக்கும் மணி. சுமை இறங்கினால் அழுத்தம் பெரும்பாலும் குறையும். பதற்றமோ சுமை இறங்கிய பிறகும் அடித்துக்கொண்டிருக்கும். எதிலும் நாட்டமில்லாத சோர்வு மனச்சோர்வு. அதற்கு வைத்தியம் வேறு. மூன்றும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு.

படி 1: உடம்பை ஒரு தடவை முழுசாகப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நெஞ்சுவலி முதல் தடவை வருகிறது, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, ஏற்கெனவே சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருக்கிறது என்றால், "பதற்றம்தான்" என்று நீங்களே முடிவு செய்யாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இதயம்தான் முதலில்.

அவசரம் இல்லையென்றாலும் ஒரு பொது மருத்துவரிடம் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் அப்படியே பதற்றம் போலவே வரும். இரத்தசோகையிலும் மாடி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்கு ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருந்தது. மாத்திரை சாப்பிட்டதில் பாதி களைப்பு போயிற்று, பயம் போகவில்லை.

ஒரு தடவை பார்த்து எல்லாம் சரி என்று வந்தால், அதோடு நிறுத்துங்கள். நான் இரண்டு மாதத்தில் நாலு இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தேன். ஒவ்வொரு தாளும் மூன்று நாள் நிம்மதி தந்தது. நாலாவது நாள் "ஒருவேளை அந்த மெஷின் சரியில்லையோ" என்று தோன்றும். அப்படித் திரும்பத் திரும்ப உறுதி தேடுவதே பதற்றத்துக்குத் தீனி போடுவது என்று எனக்கு அப்போது தெரியாது.

படி 2: ஒரு நாற்பது பக்க நோட்டு

கைபேசியில் எழுதலாம், ஆனால் நோட்டு நல்லது. எழுதும்போது கை மெதுவாகப் போகும். படபடப்பு வந்த ஒவ்வொரு முறையும், அது அடங்கிய பிறகு, ஐந்து விஷயம் எழுதுங்கள். எப்போது, எங்கே. உடம்பில் எங்கே தொடங்கியது. அப்போது மனதில் ஓடிய வாக்கியம் என்ன. 100-க்கு எத்தனை மதிப்பெண் பயம். கடைசியாக, அதிலிருந்து தப்பிக்க என்ன செய்தீர்கள்.

ஐந்தாவது கேள்விதான் என் கண்ணைத் திறந்தது. இரண்டு வாரம் எழுதிப் பார்த்ததில், இறங்கிவிட்டேன், போகவில்லை, மகளை அனுப்பினேன், போனை எடுக்கவில்லை, அவரைக் கூட வரச் சொன்னேன் என்று பக்கம் பக்கமாக இருந்தது. தப்பிக்கும்போதெல்லாம் பயம் உடனே இறங்கியது. மறுமுறை அதே இடத்தில் முன்னைவிடச் சீக்கிரமாக வந்தது. இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டது. இறங்காவிட்டாலும் பிழைத்திருப்பேன் என்று கற்றுக்கொள்ள நான் அதற்கு ஒரு வாய்ப்பும் தரவில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அலை வரும் பத்து நிமிடம்

படபடப்பு ஏறும்போது செய்ய வேண்டியது குறைவுதான். அதைச் சாதாரண நேரத்தில், தினம் இரண்டு வேளை, ஐந்து ஐந்து நிமிடம் பழகி வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

உட்காருங்கள், அல்லது நின்ற இடத்தில் நில்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். மூச்சை மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை இழுங்கள். ஆழமாக இழுக்க வேண்டாம், சாதாரணமாக இழுத்தால் போதும். பிறகு சூடான காபியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகிறது. எல்லோரும் "நல்லா இழுத்து மூச்சு விடு" என்பார்கள். ஏற்கெனவே அதிகமாக மூச்சு வாங்கித்தான் விரல் மரத்திருக்கிறது. அந்த நேரத்தில் இன்னும் இழுத்து இழுத்து வாங்கினால் மரமரப்பு கூடும். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வழக்கமும் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ என்றால் அது ஆபத்து.

அடுத்து, கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளைப் பெயர் சொல்லுங்கள். பஸ் கம்பி, டிக்கெட், முன் சீட்டில் இருப்பவரின் மல்லிகைச் சரம், ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரம், பலகையில் இருக்கும் எண். காதில் விழும் மூன்று சத்தம். கையில் தொடும் ஒன்று. மூளையை உடம்புக்குள்ளிருந்து வெளியே கூட்டி வர இது ஒரு வழி.

உங்களுக்கு நீங்களே ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்ளுங்கள். "இது அட்ரினலின். பத்து நிமிடத்தில் இறங்கும்" என்பது என்னுடையது. "பயப்படாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது கேட்காது. மயங்கி விழுவேனோ என்பதுதான் எல்லோருக்கும் பெரிய பயம். பதற்றத்தில் இரத்த அழுத்தம் ஏறத்தான் செய்கிறது. மயக்கம் வருவது பெரும்பாலும் அது சட்டென்று இறங்கும்போது. இரத்தத்தைக் கண்டால், ஊசி போட்டால் மயங்குகிறவர்கள் விதிவிலக்கு. மற்றபடி பேனிக் அட்டாக்கில் மயங்கி விழுவது அபூர்வம். இதை மருத்துவர் எனக்கு விளக்கிய அன்று, வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

படி 4: கவலைக்கு ஒரு நேரம்

திடீரென்று அலையாக வருவது ஒரு வகை. நாளெல்லாம் ஈரத்துணிபோல மேலே ஒட்டிக்கொண்டு கிடக்கும் கவலை வேறு வகை. எங்கள் பட்டறையில் வெள்ளி விலைதான் அது. ஒரே நாளில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் ஏறி இறங்குகிறது. ஆர்டர் எடுத்த அன்று ஒரு விலை, கொலுசு முடித்துக் கொடுக்கும் அன்று ஒரு விலை. நடுவில் பற்றவைப்பவர்களுக்கும் மெருகு போடுபவர்களுக்கும் வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனில் விலை பார்ப்பேன்.

இதற்கு எனக்குச் சொல்லிக் கொடுத்த வழி: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், 20 நிமிடம் கவலைப்படுங்கள். எனக்கு மாலை ஐந்தரை மணி, மாடிப்படி. மற்ற நேரத்தில் கவலை வந்தால் நோட்டில் ஒரு வரி எழுதி "ஐந்தரைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளி வைக்க வேண்டும். தூங்கப் போகும் நேரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்தரைக்கு உட்கார்ந்ததும் அந்த வரிகளை இரண்டாகப் பிரியுங்கள். நான் ஏதாவது செய்ய முடிகிறவை ஒரு பக்கம், செய்ய முடியாதவை இன்னொரு பக்கம். உலகச் சந்தையில் வெள்ளி விலை என்ன ஆகும் என்பது என் கையில் இல்லை. ஆர்டர் எடுத்த அன்றே முன்பணம் வாங்கி வெள்ளி வாங்கி வைப்பது என் கையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நாளை செய்யும் ஒரு வேலை எழுதுங்கள்: யாரிடம் பேசுவது, எத்தனை மணிக்கு. இரண்டாவது பக்கத்தில் இருப்பதை ஒரு தடவை வாசித்துவிட்டு நோட்டை மூடுங்கள். முதல் வாரம் இது வேலை செய்யாது. கவலை வரிசையில் நிற்கப் பழக அதற்கும் நாள் வேண்டும். மூன்றாவது வாரத்தில், காலையில் எழுதிய வரி மாலையில் பாதிக்குமேல் உயிரில்லாமல் கிடப்பதைப் பார்த்தேன்.

படி 5: ஒவ்வொரு வளைவாக ஏறுவது

இதுதான் நடு வேலை. மற்றவையெல்லாம் இதற்கு ஒத்தாசை.

எதைத் தவிர்க்கிறீர்களோ அதைச் சின்னச் சின்னப் படியாகப் பிரித்து, கீழிருந்து ஏற வேண்டும். ஏற்காடு பாதையில் எண் போட்ட வளைவுகள் இருப்பது என் அதிர்ஷ்டம். என் நோட்டில் இருந்த ஏணி இது: அடிவாரம் பஸ் ஸ்டாப்பில் அரை மணி நின்று, ஏறும் பஸ்களைப் பார்ப்பது, பயம் 30. அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து இரண்டாவது வளைவு வரை போய், ஓரமாக இடம் பார்த்து நின்றுவிட்டுத் திரும்புவது, 45. ஐந்தாவது வளைவு, 55. ஒன்பதாவது வளைவில் இறங்கி 20 நிமிடம் நிற்பது, 75. 20 வளைவும் ஏறி ஏரிக்கரையில் டீ குடிப்பது, 80. பஸ்ஸில் அவரோடு போவது, 85. பஸ்ஸில் தனியாக, 100.

விதிகள் சில உண்டு. முதலாவது, கிளம்பும் முன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதைத் தெளிவாக எழுதுங்கள். "ஒன்பதாவது வளைவில் மயங்கி விழுவேன்" என்று எழுதினேன். திரும்பி வந்து அதன் கீழே நடந்ததை எழுதினேன்: "விழவில்லை. கால் நடுங்கியது. குரங்கு ஒன்று வண்டியில் மாட்டியிருந்த பையை இழுத்தது. 12 நிமிடத்தில் பயம் 75-லிருந்து 40." பயம் இறங்குவதைவிட, எழுதியது நடக்கவில்லை என்று கண்ணால் பார்ப்பதுதான் பெரிது.

இரண்டாவது, பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பாதீர்கள். கொஞ்சமாவது இறங்கும்வரை அங்கேயே இருங்கள். உச்சத்தில் திரும்பினால் அந்தப் பழைய பாடத்தையே மூளை திரும்பவும் படிக்கும். மூன்றாவது, ஒரே படியை மூன்று நாலு தடவை செய்யுங்கள். ஒரு தடவை வீரமாகப் போய்விட்டு ஒரு மாதம் வீட்டில் இருந்தால் பலனில்லை.

நாலாவது விதி எனக்குக் கஷ்டமாக இருந்தது. கைத்தாங்கல்களை ஒவ்வொன்றாக விட வேண்டும். என்னிடம் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மாத்திரை அட்டை, மருத்துவமனை எண்ணைத் திறந்து வைத்த போன், கதவுப் பக்கத்து சீட், இவ்வளவும் இருக்கும். அவை இருக்கும்வரை "பாட்டில் இருந்ததால் தப்பித்தேன்" என்றே மனம் சொல்லும். முதலில் கதவு சீட்டை விட்டேன். பிறகு போனைப் பைக்குள் போட்டேன். அந்த மாத்திரை அட்டையைக் கடைசியில்தான் விட்டேன்.

மழையில், பனிமூட்டத்தில் மலைப்பாதையில் பயிற்சி வேண்டாம். அங்கே மண் சரிவதுண்டு, அந்தப் பயம் நியாயமான பயம். படபடப்பு வரும் நிலையில் நீங்களே வண்டி ஓட்டவும் வேண்டாம், பின்னால் உட்காருங்கள். பதற்றம் மிகக் கடுமையாக இருந்தாலோ, அது ஏதோ ஒரு விபத்திலோ வன்முறையிலோ தொடங்கியிருந்தாலோ, இந்த ஏணியைத் தனியாகப் போடாதீர்கள். கூட ஒரு உளவியல் நிபுணர் இருக்க வேண்டும்.

எனக்கு நாலு மாதம் ஆனது. நடுவில் ஐந்தாவது வளைவிலேயே மூன்று வாரம் நின்றேன். அப்படி நிற்பதும் ஏறுவதில் சேர்த்திதான். அங்கே என்னைத் திட்டாமல் வண்டியை நிறுத்திக் காத்திருந்த என் வீட்டுக்காரருக்கு நான் கடன்பட்டவள்.

உங்கள் ஏணி மலையாக இருக்க வேண்டியதில்லை. பாக்கி கேட்டு போன் செய்ய முடியாதவர், முதலில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பிறகு குரல் செய்தி, பிறகு தெரிந்த ஒருவருக்கு போன், கடைசியில் அந்தக் கடினமான ஆளுக்கு. வகுப்பில் எழுந்து பேசப் பயப்படும் பிள்ளைக்கு, வீட்டில் பாட்டி முன்னால் பேசுவது முதல் படி.

காபி, தூக்கம், நடை

காப்பித் தோட்டங்களுக்குக் கீழே குடியிருக்கும் ஊர் இது. காபியை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். உடம்பில் போன கஃபீனில் பாதி கழிய சுமார் 5 மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியில் பாதி ராத்திரி பதினொன்றுக்கும் இரத்தத்தில் இருக்கும். நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும் கஃபீனாலேயே வரும். நான் காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று என்று நிறுத்தினேன். திடீரென்று முழுசாக நிறுத்தினால் தலைவலி வரும், வாரத்துக்கு ஒரு டம்ளராகக் குறையுங்கள்.

மது பற்றி ஒரு வார்த்தை. "ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வரும்" என்பவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. தூக்கம் வரும், பாதி ராத்திரியில் கலையும், மறுநாள் காலை பதற்றம் முன்னைவிட அதிகமாக இருக்கும். அதைத் தணிக்க மறுபடி குடிப்பது என்று போகும்.

நடைக்கு வாரத்தில் 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஐந்து நாள், அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகம். நான் காலையில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரைக்குப் போகிறேன். ஏரிக்கு நடுவில் மண்ணைக் குவித்து உண்டாக்கிய தீவுகளில் மரங்கள் வளர்ந்து, பறவைகள் அடைகின்றன. அங்கே நிற்கும்போது எதிரே தெரிவது சேர்வராயன் மலைதான். அந்த மலையில் பெய்யும் மழைதான் இந்த ஏரிக்கும் வருகிறது. முன்பு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டேன். நடப்பது வேகமான இதயத்துடிப்புக்கும் ஒரு பழக்கம்: நெஞ்சு வேகமாக அடித்தால் ஆபத்து இல்லை என்று தினமும் உடம்புக்குக் காட்டிக்கொண்டே இருக்கலாம்.

சுமை நிஜமாக இருக்கும்போது

மூச்சுப் பயிற்சி கடனை அடைக்காது. மூன்று குழுக்கடன் தவணை ஒரே வாரத்தில் வரும் பெண்ணிடம் போய் "மனசை ரிலாக்ஸாக வைத்துக்கொள்" என்று சொல்வது எனக்குக் கோபத்தைத் தரும். அங்கே வேண்டியது வேறு. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுவது, எந்த வட்டி அதிகம் என்று பார்ப்பது, வீட்டில் மறைத்து வைத்திருப்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வது, தவணைத் தேதிக்கு முன்பே போய் அவகாசம் கேட்பது. வீட்டில் அடி விழுகிறது என்றால் 181-ஐக் கூப்பிடுங்கள், பெண்களுக்கான உதவி எண் அது. அந்த இடத்தில் உங்கள் பயம் சரியாகத்தான் வேலை செய்கிறது. அடிதான் நிற்க வேண்டும்.

படி 6: எப்போது, எங்கே உதவி கேட்பது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, வேலை, உறவு இவற்றில் ஏதாவது கெட்டுக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள். பதற்றத்தை அளக்க ஏழே ஏழு கேள்வி கொண்ட ஒரு தாளை 2006-ல் உருவாக்கினார்கள், ஜி.ஏ.டி. 7 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்கும். மொத்தம் 21 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அது நோய்க்குச் சான்றிதழ் இல்லை, கதவைத் தட்ட ஒரு காரணம், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்தே தொடங்க 14416. டெலி மானஸ் என்ற இந்த இலவச எண் 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். முதல் வாக்கியம் வராமல்தான் பலர் போனை வைத்துவிடுகிறார்கள். இப்படித் தொடங்கலாம்: "எனக்குச் சேலம். ஒரு மாதமாகப் படபடப்பு இருக்கிறது. யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை." மீதியை அவர்கள் கேட்பார்கள்.

நேரில் பார்க்க, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். உளவியல் நிபுணர் பேச்சு மூலம் சிகிச்சை தருவார். நான் மேலே சொன்ன நோட்டும் ஏணியும் அந்தப் பேச்சு சிகிச்சையின் பகுதிகள். போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள். ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை அது சொல்லும். சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையையும், நாட்டு மருந்து என்றாலும் சரி, எடுத்துப் போங்கள்.

மாத்திரை என்றதும் "வாழ்நாள் பூரா சாப்பிடணுமா" என்ற கேள்வி வரும். எனக்கும் வந்தது. பதற்றத்துக்குப் பொதுவாகத் தரும் மருந்துகள் வேலை செய்யத் தொடங்க 2 முதல் 6 வாரம் வரை ஆகும். முதல் வாரம் குமட்டல், லேசான படபடப்பு வரலாம். அதைக் கண்டு நிறுத்திவிடுபவர்கள் அதிகம். எத்தனை மாதம் என்பதை மருத்துவர் சொல்வார். நிறுத்தும்போதும் அவர் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரை விஷயம் தனி. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று ஆரம்பிக்காதீர்கள். சில வகைகள் சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும்.

என் அத்தை எனக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். மருத்துவரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் "இருக்கட்டும்மா, அதோட மாத்திரையும் இருக்கட்டும்" என்றார். இரண்டும் என் கையில் இருந்தன. ஆனால் கட்டிப்போடுகிற, அடிக்கிற, பட்டினி போடுகிற இடத்துக்கு யாரையும் கூட்டிப் போகாதீர்கள். மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அது பதற்றத்தின் இன்னொரு நாள் இல்லை. அன்றைக்கே 14416, அல்லது நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. தனியாக இருக்காதீர்கள். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் "சும்மா சொல்றா" என்று விடாதீர்கள், நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது.

பக்கத்தில் இருப்பவருக்கு

இந்தக் கட்டுரையை நீங்கள் உங்களுக்காக வாசிக்காமல், மனைவிக்காகவோ தம்பிக்காகவோ மகளுக்காகவோ வாசிக்கலாம். "இதுக்கெல்லாமா பயப்படுவ", "உனக்கு என்ன குறைச்சல்" இரண்டையும் சொல்லாதீர்கள். உலகத்தில் 2019 கணக்குப்படி 30 கோடிப் பேருக்கு மேல் பதற்றக் கோளாறு இருந்தது. குறை இருப்பவர், இல்லாதவர் என்று பார்த்து அது வருவதில்லை. அதே நேரம், பயப்படுகிறாளே என்று அவள் வேலையையெல்லாம் நீங்களே செய்துகொடுப்பதும் வேண்டாம். கடைக்கு நீங்கள் போவதைவிட, கூடப் போவது நல்லது. கூடப் போவதைவிட, அடுத்த மாதம் தெருமுனையில் நின்று காத்திருப்பது நல்லது.

அலை வரும்போது அதிகம் பேசாதீர்கள். தண்ணீர், விசிறி, நாலு பேர் கூட்டம் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் மெதுவாக மூச்சு விடுங்கள், அது தொற்றும்.

நான் மறுபடி முதல் தடவை பஸ்ஸில் மலையேறிய அன்று, அவருக்குப் பட்டறையில் வேலை வந்துவிட்டது. அத்தை "நான் வர்றேன் கண்ணு" என்று கிளம்பினார்கள். அடிவாரத்தில் என் கை சில்லிட்டது. அத்தை எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, பலகை வரும்போதெல்லாம் எண்ணை மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஏழு. எட்டு. ஒன்பதில் பஸ் நிற்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. பதினாலில் முன்சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது, நான் எழுந்து போய் அந்தத் தாய்க்குப் பை பிடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அத்தை "பதினாறு" என்றார்கள்.